வளமான காலமும் வறண்ட காலமும்: மலைப்பாதையில் ஒரு முஃமின்

புகழ் அனைத்தும் பூமியை விரித்து, அது அசையாதிருக்க மலைகளை முளைகளாக நாட்டிய அல்லாஹ் தஆலாவுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் ஹிரா மலையின் குகையில் முதல் வஹீயைப் பெற்ற நம் நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் கே.ஜி.கண்டிகையைக் கடக்கும் ஒருவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்று கண்ணில் படும். வடக்கே நகரி மலை. மேற்கே சோளிங்கர் மலை. நடுவே பெயர் தெரியாத எத்தனையோ பாறைக் குன்றுகள். நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். பார்த்துப் பழகியதாலேயே பார்க்காமல் விட்டுவிட்டோம். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். செல்போனில் ஓர் அருவியின் வீடியோ வருகிறது, "ஞாயிற்றுக்கிழமை போகலாமா" என்று குழுவில் ஒருவர் கேட்கிறார், பத்துப் பேர் கையைத் தூக்குகிறார்கள், பைக் கிளம்பிவிடுகிறது.

பெற்றோர் சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். "தொழுகைக்கு வராத பையன் மலைக்குப் போகிறான் ஹஜ்ரத், நீங்கள் கொஞ்சம் கண்டித்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். தொழுகையை விட்டதற்காக அவனைக் கண்டிக்கலாம். மலைக்குப் போனதற்காகக் கண்டிக்க மார்க்கத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது? அல்லாஹ் குர்ஆனில் பல இடங்களில் பூமியில் பயணம் செய்து பார்க்கும்படிதான் சொல்கிறான். அன்கபூத் அத்தியாயத்தில், படைப்பை அவன் எப்படித் தொடங்கினான் என்று சுற்றிப் பார்க்கச் சொல்கிறான். காஷியா அத்தியாயத்தில் ஒட்டகத்தையும் வானத்தையும் சொல்லி, மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டிருக்கின்றன என்று கவனிக்க மாட்டார்களா என்று கேட்கிறான். ஃபாதிர் அத்தியாயத்தில் மலைகளில் ஓடும் வெள்ளை, சிவப்பு, கறுப்புக் கோடுகளைக்கூடக் குறிப்பிட்டுக் காட்டுகிறான். அதற்கு அடுத்த வசனத்தில்தான் அல்லாஹ்வை உண்மையாக அஞ்சுபவர்கள் அறிவுடையவர்கள் என்று வருகிறது. பாறையின் நிறத்தைப் பற்றிய பேச்சு இறையச்சத்தில் போய் முடிகிறது. இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து ஓதிப் பாருங்கள்.

ஆகவே போகலாமா, கூடாதா என்பதல்ல இன்றைய பேச்சு. எப்போது போவது, எப்படிப் போவது என்பதுதான் பேச்சு. அதிலும் "எப்போது" என்பதை நாம் சரியாகக் கேட்பதே இல்லை. விடுமுறை எப்போது என்றுதான் கேட்கிறோம். மலையில் இப்போது என்ன காலம் என்று கேட்பதில்லை.

காலம் பார்த்துப் பயணம்

குறைஷ் அத்தியாயத்தை நம் சிறு பிள்ளைகள்கூட மனனம் செய்திருக்கிறார்கள். அதில் குறைஷிகளின் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் வருகின்றன. குளிர்காலத்தில் யமன் பக்கம், கோடையில் ஷாம் பக்கம். ஏன் இப்படி மாற்றிப் போனார்கள்? யமன் பக்கம் குளிர்காலத்திலும் கதகதப்பு, ஷாம் பக்கம் கோடையிலும் குளுமை. வியாபாரிகள் அவர்கள், லாபம்தான் நோக்கம். ஆனாலும் பாலைவனத்தோடு வம்பு செய்யாமல், எந்தக் காலத்தில் எந்தத் திசை நடக்கத் தகுந்தது என்று அறிந்து நடந்தார்கள். அந்த ஒழுங்கையே தன் அருளாக அல்லாஹ் எடுத்துக்காட்டுகிறான்.

இதைவிடத் தெளிவாக ஒரு ஹதீஸ் இருக்கிறது. அபூஹுரைரா ரழியல்லாஹு அன்ஹு அறிவிக்கிறார்கள், முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்து இது: செழிப்பான காலத்தில் பயணம் செய்தால் ஒட்டகங்களுக்குப் பூமியிலிருந்து அவற்றின் பங்கைக் கொடுங்கள், மேய விடுங்கள். வறட்சிக் காலத்தில் பயணம் செய்தால் வேகமாகக் கடந்துவிடுங்கள். இரவில் தங்க நேர்ந்தால் பாதையில் தங்காதீர்கள், ஏனெனில் இரவில் அது பிராணிகளின் வழி, விஷ ஜந்துக்களின் இடம்.

மூன்றே வாக்கியம். பச்சைக் காலத்துக்கு ஒரு நடை, காய்ந்த காலத்துக்கு வேறொரு நடை, இரவில் காட்டுப் பாதை நமக்கு உரியதல்ல என்ற எச்சரிக்கை. இன்று வனத்துறை விதிப்புத்தகத்தில் எழுதுவதை 1400 ஆண்டுகளுக்கு முன்பே ஒட்டகத்தின் பக்கம் நின்று நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நம் பகுதிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இங்கே வளமான காலம் எது, வறண்ட காலம் எது?

மார்கழி, தை மாதங்களில் நம் குன்றுகள் நடக்கத் தகுந்தவை. மழை நின்றிருக்கும், புல் இன்னும் பச்சை மாறியிருக்காது, பாறை இடுக்குகளில் தண்ணீர் கசியும், காலை வெயில் உடம்புக்கு இதமாக இருக்கும். மாசி பாதியானதும் எல்லாம் மாறத் தொடங்கிவிடும். புல் வைக்கோல் ஆகும். மரங்கள் இலையை உதிர்க்கும். புரச மரம் மட்டும் இலையில்லாமல் சிவந்து பூத்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நெருப்புப் பற்றியதுபோல இருக்கும். பங்குனி, சித்திரையில் நம் திருத்தணியின் பெயர் தினமும் வானிலைச் செய்தியில் வரும், வேலூரோடு போட்டி போட்டுக்கொண்டு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெயிலேறிய பாறை ராத்திரி வரை கொதிக்கும். ஆனி, ஆடியில் மாலை நேரத்து இடிமழை. ஆவணி, புரட்டாசியில் கரட்டில் தானாக வளர்ந்த சீத்தா காய்த்துப் பழுக்கும். கூடை தூக்கிவரும் பெண்களுக்கு அது ஒரு மாதப் பிழைப்பு, சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பறித்துப் பையை நிரப்பக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது மலை நம்முடையது அல்ல, தண்ணீருடையது.

இதெல்லாம் நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது. ஆடு ஓட்டியவர்களுக்கும் விறகு பொறுக்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. ஏனென்றால் நமக்குப் பருவம் என்பது ஏப்ரல் மாதம் பரீட்சை முடிவதும் மே மாதம் லீவு விடுவதும்தான். பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும் காலமும் மலை காய்ந்து கிடக்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

குரங்கணி

2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழு. பெரும்பாலோர் இளைஞர்கள், பெண்கள் அதிகம். முந்தைய நாள் கொழுக்குமலைக்கு ஏறிப் போயிருந்தார்கள், ஞாயிறன்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். சரிவு முழுவதும் ஆளுயரக் காய்ந்த புல். தீ வந்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. ஓட இடமில்லை. அன்றே இறந்தவர்களும், மருத்துவமனையில் நாட்கணக்கில் துடித்து இறந்தவர்களுமாக 23 உயிர்கள் போயின.

இறந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. அதற்கு நமக்கு உரிமையும் இல்லை. இயற்கையை நேசித்துப் போன பிள்ளைகள் அவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அது தீக்காலம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்? மலைத்தீயைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சமவெளியில் பரவுவதைவிட மேட்டை நோக்கித் தீ வேகமாக ஏறும். கீழே எரியும் நெருப்பின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது, தொட்டவுடன் பற்றிக்கொள்கிறது. தீயைக் கண்டதும் மனிதன் இயல்பாக மேலே ஓடுவான். தீ அவனைவிட வேகமாக ஓடும்.

நம் நாட்டில் காட்டுத்தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையால் வருபவை. அணைக்காமல் எறிந்த பீடி, சமைத்துவிட்டு மூடாமல் போன அடுப்பு, புது மேய்ச்சலுக்காக வைத்த நெருப்பு. தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரிய விடாதீர்கள் என்று நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள், புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நான்கு சுவருக்குள் இருக்கும் விளக்குக்கே அந்தக் கண்டிப்பு என்றால், சித்திரை மாதத்துக் கரட்டில் பிரியாணி சமைக்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் ரழியல்லாஹு அன்ஹு அறிவிக்கும் ஒரு பயணச் செய்தி இருக்கிறது. தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து இறக்கையை அடித்துக்கொண்டு சுற்றியது. நாயகம் அவர்கள் வந்து பார்த்து, இதன் பிள்ளைகளை எடுத்து இதைத் துயரப்படுத்தியது யார், திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். அதே பயணத்தில் எரிக்கப்பட்ட ஓர் எறும்புப் புற்றைப் பார்த்தார்கள். எரித்தது யார் என்று கேட்டார்கள். நாங்கள்தான் என்றதும், நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே உரியது என்றார்கள். ஒரு புற்று எறும்புக்காக இப்படி என்றால், ஒரு மலைச்சரிவு எரியும்போது அதிலே எத்தனை புற்று, எத்தனை கூடு, எத்தனை முட்டை!

குரங்கணிக்குப் பிறகு அதே 2018இல் அரசு மலையேற்றத்துக்கு விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை முறையான மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் பதிவு செய்து, அந்தந்த மலைக் கிராமத்து இளைஞர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு போகிற ஏற்பாடு. தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். "காசு கட்டி, அனுமதி வாங்கி, ஆளோடு போவது என்ன மலையேற்றம்" என்று நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மூன்று பேர் பயணம் கிளம்பினால் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி. அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவனைவிட அந்தப் பொறுப்புக்குத் தகுந்தவன் யார்? அவனுக்கு நீங்கள் கொடுக்கும் கூலி ஒரு மலைக் குடும்பத்தின் அடுப்பெரிக்கும். காட்டைக் காப்பதில் அவனுக்கு ஒரு பங்கும் உண்டாகும்.

மழை எங்கே, வெள்ளம் எங்கே

புகாரியில் வரும் ஒரு வெள்ளிக்கிழமைச் சம்பவம் இது. நாயகம் அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் உள்ளே வந்து, கால்நடைகள் அழிகின்றன, வழிகள் அடைபட்டுவிட்டன, மழைக்கு துஆ செய்யுங்கள் என்றார். கையேந்தினார்கள். வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லாதிருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் அளவில் ஒரு மேகம் கிளம்பி, விரிந்து, ஒரு வாரம் சூரியனையே காணாதபடி பெய்தது. அடுத்த வெள்ளி அதே வாசலில் ஒருவர் வந்து, மழையை நிறுத்தக் கேளுங்கள் என்றார். அப்போது அவர்கள் மழையை நிறுத்திவிடும்படி கேட்கவில்லை. எங்களைச் சுற்றிலும் பொழியட்டும், எங்கள் மேல் வேண்டாம், குன்றுகள் மேலும் மலைகள் மேலும் ஓடைகளின் உள்ளேயும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்று கேட்டார்கள்.

மழை எங்கே விழவேண்டும் என்பதை எவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். மலையில் விழும் மழை ஓடையாகி, ஆறாகி, மெல்ல ஊருக்கு வரும். நம் பகுதியே அதற்குச் சாட்சி. ஆந்திரத்தில் மலைகளில் மழை கொட்டும், கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்படும், இங்கே பள்ளிப்பட்டில் ஒரு துளி மழை இல்லாதபோதே கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலத்தை மூடும். அந்தத் தண்ணீர்தான் பூண்டிக்குப் போகிறது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஏரியிலிருந்துதான் சென்னை குடிக்கிறது. மலைக்கு எல்லைக்கோடு தெரியாது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் அதே வழியில்தான் ஓடுகிறது. ஆனால் மனிதனுக்கு எல்லை உண்டு. நாகலாபுரம் பக்கத்து ஓடைகளும் குளங்களும் ஆந்திர வனத்துறையின் கீழ் வருபவை. அவர்கள் போகக் கூடாது என்றால் கூடாதுதான்.

ஓடையில் குளிக்கப் போகிறவர் தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்க்கிறார். வெயிலடிக்கிறதே என்று இறங்குகிறார். மழை பெய்வது ஐந்து கிலோமீட்டர் மேலே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இதுதான் நடந்தது. கோடை விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது, மேலிருந்து வெள்ளம் திடீரென்று இறங்கியது, ஒரு பள்ளி மாணவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நின்று சுழன்ற தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, துணியைக்கூட எடுக்காமல் கரையேறிவிடுங்கள்.

தபூக் பயணத்தில் ஒரு சம்பவம் நடந்தது, அதுவும் புகாரியில் இருக்கிறது. இன்றிரவு கடும் காற்று வீசும், யாரும் எழுந்து நிற்க வேண்டாம், ஒட்டகம் வைத்திருப்பவர் கட்டிப்போடட்டும் என்று நாயகம் அவர்கள் சொன்னார்கள். காற்று வந்தது. ஒருவர் எழுந்து நின்றார். காற்று அவரைத் தூக்கிக்கொண்டு போய் தய்யி மலைப் பக்கத்தில் போட்டது. எச்சரிக்கை வந்தபின் எழுந்து நின்றவரின் கதை அது. நமக்கு வஹீ வராது, வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு வரும். ஆரஞ்சு எச்சரிக்கை விட்ட நாளில் அருவிக்குக் கிளம்புகிறவர் அந்த மனிதரை நினைத்துக்கொள்ளட்டும்.

இங்கே ஒரு தம்பி தபூக்கையே எதிர்க்கேள்வியாகக் கேட்கலாம். கொளுத்தும் வெயிலில்தானே ஸஹாபாக்கள் தபூக்குக்குப் போனார்கள், வெயிலைக் காரணம் காட்டியவர்களை அல்லாஹ் கண்டித்தானே? ஆம், கண்டித்தான். அது அல்லாஹ்வின் கட்டளை, நாயகம் அவர்களின் அழைப்பு. நம் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவுக்கு அந்த அழைப்பு எங்கிருந்து வந்தது? கடமைக்காகச் சிரமம் தாங்குவது வேறு, சிரமத்தையே வீரமாக்கிக்கொள்வது வேறு.

ஏறும்போதும் இறங்கும்போதும்

ஜாபிர் ரழியல்லாஹு அன்ஹு சொல்கிறார்கள்: நாங்கள் மேட்டில் ஏறும்போது தக்பீர் சொல்வோம், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹ் சொல்வோம். புகாரியில் உள்ளது. மூச்சு வாங்க ஏறுகிறவன் தன்னைப் பெரியவனாக நினைக்கும் நேரத்தில் "அல்லாஹு அக்பர்". கால் வழுக்கத் தாழ்வாகப் போகும்போது, எந்தத் தாழ்வும் அண்டாதவன் அவனே என்று "ஸுப்ஹானல்லாஹ்". திருத்தணிக் குன்றுகளில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால் எத்தனை தக்பீர், எத்தனை தஸ்பீஹ் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு பயணத்தில் தோழர்கள் மேட்டில் ஏறும்போதெல்லாம் உரத்த குரலில் தக்பீர் சொன்னார்கள். உங்கள் மீது இரக்கம் கொள்ளுங்கள், நீங்கள் அழைப்பது செவிடனையோ தூரத்தில் இருப்பவனையோ அல்ல என்று நாயகம் அவர்கள் தடுத்தார்கள். அபூமூஸா அல்அஷ்அரி ரழியல்லாஹு அன்ஹு அறிவிக்கிறார்கள். தக்பீருக்கே இந்த அளவு என்றால், தோளில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுக் காடு முழுக்கப் பாட்டுக் கேட்கவைப்பதை என்ன சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. நம் பக்கத்து மலைகள் பலவற்றில் நம் சகோதர சமயத்தவரின் ஆலயங்கள் இருக்கின்றன. திருத்தணி மலைக்கு ஆண்டின் நாட்களைப்போல 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து லட்சக்கணக்கானோர் அந்தப் படிகளில் ஏறுகிறார்கள். டிசம்பர் 31 இரவு படித் திருவிழா. அந்த நாட்களில் மலைப்பக்கம் போய்க் கூச்சலிடுவதும் பைக்கை முறுக்குவதும் நம் மார்க்கம் கற்றுத்தந்த அண்டை வீட்டார் உரிமைக்கு எதிரானது. வழியில் தாகத்தோடு நிற்பவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள், அதைத் தடுக்க எந்த மஸ்அலாவும் இல்லை.

தண்ணீரிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதை, சாபத்தைக் கொண்டுவரும் மூன்று காரியங்கள் என்று அபூதாவூதில் வருகிறது. பாட்டிலும் சிப்ஸ் உறையும் இன்று அந்தக் கணக்கில்தான் சேரும் என்பது என் கருத்து. பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நாம் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! மலைப்பாதையும் பாதைதான். தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் அதைக் குடிக்க வைத்துக்கொண்டு தயம்மும் செய்துகொள்ளுங்கள், பாறை மேல் துண்டை விரித்து லுஹரைத் தொழுங்கள். பூமி முழுவதும் நமக்கு மஸ்ஜிதாக ஆக்கப்பட்டிருக்கிறது.

பார்ப்பவன் என்ன பார்த்தான்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அல்பிரூனி என்ற அறிஞர் நம் நாட்டுக்கு வந்தார். இன்றைய பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் நந்தனா என்ற கோட்டை இருக்கிறது. அங்கே ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று கணக்கிட்டு, பூமியின் ஆரத்தை இன்றைய அளவுக்கு நெருக்கமாகச் சொன்னார். மலை உச்சியில் நின்று அவர் செய்தது அது. கங்கைச் சமவெளியைப் பற்றியும் எழுதினார். மலைக்கு அருகே பெரிய உருண்டைக் கற்கள், தள்ளிப் போகப்போகச் சிறிய கற்கள், கடைசியில் மணல். இதைக் கவனித்து, இந்த நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் தூர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். ஓடைக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு முஸ்லிமின் ஃபிக்ர் அது.

அப்படிப்பட்ட கற்களைப் பார்க்க நீங்கள் கங்கை வரை போகவேண்டியதில்லை. பூண்டி ஏரிக்கு அப்பால் அல்லிக்குழி மலையில் குடியம் குகைகள் இருக்கின்றன. நான் சொன்ன 40 பாதைகளில் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்தது இதுதான். கடினமான பாதை அல்ல. அந்தக் குகைச் சுவர் முழுவதும் உருண்டைக் கற்கள், சாந்து வைத்துப் பதித்ததுபோல. ஆறு உருட்டிய கற்கள் பாறைக்குள் எப்படி வந்தன? அங்கே நின்று யோசியுங்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. அந்த மலைகளின் உருண்டைக் கற்களைச் செதுக்கிச் செய்தவை. எத்தனை லட்சம் ஆண்டுகள் என்ற விவாதத்தை ஆய்வாளர்களிடம் விட்டுவிடுங்கள். முன்சென்றவர்கள் இங்கே நடந்தார்கள், தண்ணீர் தேடினார்கள், கல்லைக் கருவியாக்கினார்கள், போய்விட்டார்கள். பூமியில் நடந்து முன்னோரின் முடிவைப் பாருங்கள் என்ற வசனத்துக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு தஃப்ஸீர் நமக்கு எங்கே கிடைக்கும்?

திரும்பி வருவது

மலையில் மிகக் கடினமான காரியம் உச்சிக்குப் போவது அல்ல, பாதியில் திரும்புவது. நண்பர்கள் சிரிப்பார்கள். ஆயிரம் ரூபாய் பெட்ரோல் போட்டிருக்கிறோம். இன்னும் அரை மணி நேரம்தான் என்கிறார்கள். அல்லாஹ் இருக்கிறான் போ, என்கிறார் ஒருவர், தவக்குல் என்ற பெயரில். வழக்கமாக இந்த இடத்தில் ஒட்டகத்தைக் கட்டும் ஹதீஸைச் சொல்வோம். நீங்கள் நூறு முறை கேட்டிருப்பீர்கள், ஆகவே வேறொன்றைச் சொல்கிறேன்.

உமர் ரழியல்லாஹு அன்ஹு ஷாம் தேசத்தை நோக்கிப் போகிறார்கள். ஸர்ஃக் என்ற இடம் வந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி வருகிறது. முஹாஜிர்களிடம் ஆலோசனை கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்சாரிகளிடம் கேட்டார்கள், அவர்களும் வேறுபட்டார்கள். குறைஷி முதியவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடலாம் என்றார்கள். காலையில் திரும்புகிறேன் என்று உமர் அறிவித்தார்கள். தளபதி அபூஉபைதா ரழியல்லாஹு அன்ஹு கேட்டார்கள்: அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?

உமர் சொன்ன பதிலில் ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு ஓடுகிறோம் என்றார்கள். உம்முடைய ஒட்டகங்கள் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. ஒரு பக்கம் செழிப்பு, மறுபக்கம் வறட்சி. செழிப்பான பக்கத்தில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதானே, வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் அவன் விதிப்படிதானே என்று கேட்டார்கள். அந்த ஆலோசனையின்போது அங்கே இல்லாத அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் ரழியல்லாஹு அன்ஹு பிறகு வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் தப்பித்து வெளியேறாதீர்கள் என்று நாயகம் அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாகச் சொன்னார்கள். உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். ஒட்டகங்களைத் திருப்பினார்கள்.

யா அல்லாஹ், குரங்கணியில் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் மனங்களுக்கு ஆறுதலைக் கொடுப்பாயாக. கோடையில் காட்டுத்தீயோடு போராடும் வனக்காவலர்களையும் மலைக் கிராமத்து இளைஞர்களையும் பாதுகாப்பாயாக. எங்கள் குன்றுகள் மீதும் ஓடைகளின் உள்ளேயும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் இந்த ஆண்டு அளவான மழையைத் தருவாயாக. மலைக்குக் கிளம்பும் எங்கள் பிள்ளைகளை அந்தியில் வீடு கொண்டுவந்து சேர்ப்பாயாக. ஆமீன்.